கரமனைத் தெருவில் ஒரு மீன் வண்டி

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது பழைய டீசல் பிக்-அப். எங்களிடம் வருவதற்கு முன் அது விழிஞ்ஞம் ஹார்பர் பக்கம் மீன் ஏற்றிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். தெருவில் வேறு கதைகள் உலாவுகின்றன. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பது ஒன்று. நான் ரகசியமாக மீன் வியாபாரத்தில் பங்கு போட்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டாவது கதை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

ஓய்வு பெற்ற நாள் முதல் இந்தத் தெருவைப் பற்றிக் காலவரிசைப்படி எழுதி வைத்து வருகிறேன். எந்த வருஷம் எந்தக் கிணற்றை மூடினார்கள், எந்த வீட்டுக்கு எப்போது மாடி வந்தது, கரமனையாற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் எந்தப் படிவரை ஏறியது. அதனால் இதையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கோயிலில் அல்பசி, அதாவது ஐப்பசி, உற்சவத்துக்கு முந்தின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது முன்கட்டில் ஈரம் தெரிந்தது. ஐப்பசி மழை புதிதல்ல. ஆனால் வாசல் கதவின் அடியில் தண்ணீர் நுழைந்ததை அதற்கு முன் நான் எழுதியதில்லை. எங்கள் வீடு தெருவைவிட நாலு படி உயரம். வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர் என்றால் தெருவில் இடுப்புத் தண்ணீர்.

வீட்டில் நானும் அண்ணாவும்தான். கிள்ளிப்பாலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததிலிருந்து அண்ணாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதுவரை கணக்கு வாத்தியார். அதற்குப் பிறகும் வாத்தியார்தான், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து படித்தார்கள். பாட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் வீடு முழுக்கத் தானே போய் வருவான். ஆள் பெரிய சரீரம். என் ஒருத்தியால் தூக்க முடியாது, இரண்டு பேராலும் முடியாது.

ஆம்புலன்ஸ் வந்தது, மெயின் ரோட்டிலேயே நின்றது. டிரைவர் போனில், "சேச்சி, சைலன்ஸர்ல வெள்ளம் கேறும், வண்டி நின்னு போகும்" என்றார். அவர் சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். சாமான் வைக்கிற கலவறையின் கதவைக் கீலிலிருந்து கழற்றினார்கள், அண்ணாவை அதில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், தோளில் ஏற்றினார்கள். நனையாமல் இருக்கட்டும் என்று யாரோ ஒரு வெள்ளை வேஷ்டியைக் கழுத்துவரை போர்த்தினார்கள். நல்ல மனசோடு செய்தது. தெருவில் எல்லாரும் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மாமி, தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவள், கீழே நாலு பேர் தோளில் வெள்ளை போர்த்திப் போவதைப் பார்த்து, பழக்கத்தில், கை கூப்பிக் கும்பிட்டுவிட்டாள்.

அண்ணா அதைப் பார்த்தான்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று, புது பாட்டரி போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "இனிமே என்னை யாரும் தூக்கப்படாது. அடுத்த தடவை ஜலம் வந்தா நான் இங்கேயே இருந்துக்கறேன். நீ மட்டும் போ."

"என்ன பேச்சு இது?"

"பேச்சு இல்லை. முடிவு."

அவன் சொன்னால் சொன்னதுதான். கணக்கு வாத்தியாருக்கு விடை மாறாது. ஆகவே ஒன்றே ஒன்றுதான் வழி. அடுத்த வெள்ளத்தில் அவன் தன் சக்கரத்திலேயே, தன் கையால் பொத்தானை அழுத்தி, இந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அதற்கு நாற்காலியோடு அவனை ஏற்றிக்கொள்கிற வண்டி ஒன்று எங்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

அக்காவும் அத்திம்பேரும் கவடியாரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் யோசனை வேறு.

"ஆத்தை வித்துட்டு இங்கே ஒரு ஃபிளாட் பார்த்துண்டு வந்துடுங்கோ. லிஃப்ட் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, செக்யூரிட்டி இருக்கான்" என்றாள் அக்கா.

"பிக்-அப் வாங்கப் போறேன்" என்றேன்.

"பிக்-அப்னா? கொத்தனார் சிமெண்ட் ஏத்திண்டு போறதே, அதுவா?" என்றார் அத்திம்பேர்.

"அதேதான்."

"உனக்கு வயசு என்ன ஆறது?"

"வண்டிக்கு என்ன வயசு ஆறதுன்னு கேளுங்கோ அத்திம்பேர். இப்ப அதுதான் விஷயம்."

நான் வேலை பார்த்தது இன்ஷூரன்ஸில், மோட்டார் கிளெயிம் பிரிவில். மூழ்கின வண்டிகளின் கதையை என்னைவிட அதிகமாகப் படித்தவர்கள் இந்த ஊரில் குறைவு. அங்கே கற்றதில் மூன்று விஷயம் இப்போது உதவியது. பெட்ரோல் இஞ்சின் தீப்பொறியை நம்பி ஓடுகிறது, ஈரம் பட்டால் மிரளும். டீசல் காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிகிறது. காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போகாதவரை அது எளிதில் நிற்காது. இரண்டாவது, நின்றுபோன வண்டியைத் தண்ணீரில் வைத்தே மறுபடி ஸ்டார்ட் செய்கிறவர்கள்தான் இஞ்சினை உடைத்துக்கொள்வார்கள். என் மேஜைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். மூன்றாவதுதான் முக்கியம். வெள்ளத்தில் மூழ்கி, தேறாது என்று தள்ளப்பட்ட வண்டிகள் செத்துப் போவதில்லை. யாரோ வாங்கி, கழுவி, பெயிண்ட் அடித்து, மறுபடி சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வண்டி தேடுகிறவள் வெள்ளத்தில் கிடந்த வண்டியையே வாங்கிவிட்டால், அதைவிட அசட்டுத்தனம் வேறில்லை.

புது வண்டி வேண்டாம் என்பதிலும் நான் உறுதியாக இருந்தேன். புதுசில் எதைத் தொட்டாலும் ஒரு சென்ஸர். நடுத்தெருவில் நின்றால் லாப்டாப் கொண்டுவரச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது சாவியைத் திருப்பினால் எழுந்திருக்கிற வண்டி.

தை பிறந்ததும் தேட ஆரம்பித்தேன். பாலராமபுரம் தாண்டி ஹைவே ஓரத்தில் பழைய வண்டி விற்கும் யார்டு ஒன்றுக்கு அத்திம்பேரும் கூட வந்தார். நான் ஏமாந்து போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் வந்ததாகச் சொன்னார். யார்டுக்காரர் மார்த்தாண்டத்து ஆள். எங்களைப் பார்த்ததும், அத்திம்பேர் நெற்றியையும் பார்த்து, "அக்கா எங்க இருந்து வாறீங்க? கரமனையா?" என்றார். தலையாட்டினேன்.

அதற்குள் அத்திம்பேர் முந்திக்கொண்டார். "இங்கே பாரும், மீன் ஏத்தின வண்டி வேண்டவே வேண்டாம். முட்டைகூட ஏத்தியிருக்கப்படாது."

"சாமி, அதுக்குண்டான வண்டி தனியா இருக்கு" என்று யார்டின் உள்பக்கம் கூட்டிப் போனார்.

வெள்ளை வண்டி. டாஷ்போர்டில் சந்தனம், குங்குமம், ஒரு குட்டிப் பிள்ளையார். உள்ளே பிச்சிப் பூ வாசனை. "தோவாளைப் பூ வண்டி. பிச்சி, முல்லை, சம்பங்கி தவிர இதுல வேற ஒண்ணும் ஏறினது கெடையாது. எல்லாம் கோயிலுக்குப் போற பூவாக்கும்."

அத்திம்பேர் செருப்பைக் கழற்றாதது ஒன்றுதான் குறை. "சுத்தமான வண்டி. பார்த்தாலே தெரியறதே!" என்றார்.

நான் டிரைவர் பக்கம் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தேன். பூட்டுகிற அளவுக்கு இல்லை, கடைசிவரை, இனி வராது என்கிற வரை. அதுவரை சாம்பல் நிறமாக வந்த பெல்ட்டு, சுருளின் அடியிலிருந்து வந்த பகுதியில் பழுப்பாக இருந்தது. குறுக்கே கோடு போட்டதுபோல் வண்டல் கறை. வெளியே தெரிகிறதைத்தான் கழுவுவார்கள். சுருட்டி உள்ளே வைத்திருப்பதை யாரும் கழுவுவதில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். ஆணிகள் துருவேறியிருந்தன.

"இது எந்த வெள்ளத்துல கெடந்தது?" என்றேன்.

"வெள்ளமா? கண்ணாடி ஏத்த மறந்திருப்பான், மழை அடிச்சிருக்கும்."

"மழை மேலேர்ந்து வரும். இந்தக் கறை கீழேர்ந்து ஏறியிருக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "அக்காவுக்கு எங்க ஜோலி?" சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "அதை வந்ததும் சொல்லியிருந்தா நான் ஷட்டரை இழுத்துட்டுப் போயிருப்பேன்லா!"

கெட்டிக்காரர். கோபப்படாமல் டீ வரவழைத்தார். டீ குடித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு அந்த நாளின் லாபம். "கோட்டை, கரமனை, வலியசாலை... அங்கேர்ந்து வாறவங்க கேக்கது ஒரே கேள்வி, மீன் ஏத்தினதான்னு. இல்லன்னு சொல்லிட்டா பின்ன பானட்டைத் தொறக்கச் சொல்லமாட்டாங்க. அதனால வேற ஆரும் எடுக்காத வண்டிக்கு நாங்க சந்தனம் வச்சிருவோம்."

அத்திம்பேர் டீயை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"அப்ப நல்ல மீன் வண்டி காட்டுங்கோ" என்றேன்.

"மீன் வண்டி யார்டுக்கு வராது. நல்லதுன்னா கடப்புறத்திலேயே, மீன்காரங்களுக்குள்ள கைமாறிரும். மோசம்னா ஐஸ் உருகின உப்புத் தண்ணி சேஸிஸைத் தின்னிருக்கும், ஆரும் தொடமாட்டான். அக்கா சும்மா வெளையாடாதீங்க."

நான் விளையாடவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அத்திம்பேர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வசதியாக இருந்தது, யோசித்தேன். எங்கள் ஆட்கள் தலைமுறையாகக் கேட்கிற கேள்வியில் ஒரு நியாயம் தற்செயலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்பு இரும்பைத் தின்னும், அது நிஜம். ஆனால் எங்களுக்கு உப்பைப் பற்றிக் கவலையில்லை, மீனைப் பற்றித்தான். பதில் 'இல்லை' என்று வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வோம். அந்தக் கண்ணை மூடிக்கொள்கிற நேரத்தில்தான் வியாபாரம் நடக்கிறது.

மாசி முழுக்க வண்டி பார்த்தேன். குவாரி வண்டி ஒன்று, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து போய், முதுகு ஒடிந்த மாடு மாதிரி நின்றது. பொன்முடி எஸ்டேட் ரோட்டில் ஓடின வண்டி ஒன்று, துரு என்று ஒரு பொட்டு இல்லை. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கிளட்சிலேயே ஓடி ஓடி, ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் தீய்ந்த வாடை வந்தது. அண்ணாவை ஏற்றிக்கொண்டு பூஜப்புரை ஏற்றத்தில் நான் அப்படி நிற்கத் தயாராக இல்லை. இன்னொன்றில் சேஸிஸில் பொறித்திருந்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணும் தூரத்துச் சொந்தம்போலத்தான் இருந்தன.

பங்குனியில், ஆபீஸில் கூட வேலை பார்த்த ஸ்நேகிதி ஒருத்தி போன் செய்தாள். அவள் வீடு கடற்கரைப் பக்கம். அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் ஹார்பரில் மீன் எடுத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவள், குளிர்பெட்டி வைத்த பெரிய வண்டி வாங்கப் போகிறாள், பழைய பிக்-அப்பைக் கொடுக்கிறாள் என்றாள். நான் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அத்திம்பேர் இந்தத் தடவையும் வந்தார். மூக்கில் கர்ச்சீப்போடு, வண்டிக்குத் தள்ளி ஒரு தென்னைமரத்தடியில் நின்றார்.

போனதும் பானட்டில் உள்ளங்கையை வைத்தேன். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் எந்தக் கிழ இஞ்சினும் கிளம்பும். சில்லென்று இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயசு இருக்கலாம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன சேச்சி, தொட்டுப் பாக்குறீங்க? அதுக்குப் பனியொண்ணும் இல்ல" என்றாள். பனி என்றால் அவர்களுக்குக் காய்ச்சல்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ."

முதல் திருப்பிலேயே எழுந்தது. ஒரு கருப்புப் புகை, பிறகு சுத்தம். ஓடவிட்டே ஆயில் மூடியைத் திறந்து கையை மேலே பிடித்தேன். மூச்சு முட்டுகிற மாதிரி காற்று அடித்தால் இஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்கவில்லை. பிறகு பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். தென்னைமரத்தடியிலிருந்து, "ஐயோ, யாராவது பார்த்துடப் போறா!" என்று குரல் வந்தது.

"பார்க்கட்டும்" என்று அடியிலிருந்து சொன்னேன்.

சேஸிஸை முனையிலிருந்து முனைவரை தட்டிக்கொண்டே வந்தேன். கணீர், கணீர் என்று வந்தது. பின்பக்கம், பம்பரை ஒட்டின குறுக்குச் சட்டத்தில் ஓரிடத்தில் பொத்தென்றது. தலையை வெளியே நீட்டினேன்.

நான் கேட்குமுன்னே அவள் சொன்னாள்: "அது போச்சு, மாத்தணும். வெல்டிங் வச்சு மேல பெயிண்ட் அடிக்க எனக்கும் தெரியும் சேச்சி. அடிக்கலை, அல்லே?"

"மத்தது எப்படி இவ்வளவு நன்னா இருக்கு?"

உள்தளத்தைக் காட்டினாள். தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, ஓரம் முழுக்க மடித்து ஒட்டியிருந்தது. மூலையில் ஒரு ஹோஸ் பைப். ஐஸ் தண்ணீர் சேஸிஸில் படாமல் அதன் வழியாக ரோட்டில் போய் விழும். தினமும் லோடு இறக்கியதும் கிணற்றுத் தண்ணீரால் அடியையும் கழுவுவாளாம். "ஏலம் நமக்காகக் காத்து நிக்காது. ஒரு நாள் வண்டி எழும்பலைன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. பிள்ளையைக் குளிப்பாட்ட மறந்தாலும் இதைக் குளிப்பாட்ட மறந்ததில்ல."

"நான் ஒரு நாளைக்குக்கூட இதுல மீன் ஏத்தப்போறதில்லை" என்றேன்.

"பின்ன?"

அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். கதவில் வைத்துத் தூக்கினதையும், அவன் சொன்ன முடிவையும். அவள் முழுதும் கேட்டாள். பிறகு ஏறி, தளத்தின் நடுவில் காலால் ஓங்கி மிதித்தாள். "கனம் தாங்கும். ஒரு காரியம் மட்டும் நேராச் சொல்றேன். என்ன போட்டுக் கழுவினாலும் வாடை முழுசாப் போகாது. மீன் கூட்டிச் சாப்பிடாத வீட்டுக்காரங்க, பின்னாடி என்னைத் திட்டப்படாது."

"வாடை அண்ணாவை ஏத்தாது, இறக்காது. வண்டி ஸ்டார்ட் ஆறது. அது போறும்."

பேரம் பேசி முடித்தேன். அத்திம்பேர் என்னோடு திரும்பி வரவில்லை. ஆட்டோ பிடித்துப் போனார். நான் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு, ஜன்னலை இறக்கி விட்டு, கோவளம் பைபாஸ் வழியாக வந்தேன்.

இற்றுப்போன குறுக்குச் சட்டத்தை மாற்றி, எலுமிச்சை, புளி, காப்பி வடிகட்டின சண்டி, கர்ப்பூரம் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. ஈரக்காற்று அடித்தால் வாடை எழும்பும். அண்ணா அதையே பிடித்துக்கொண்டான். "வானிலை அறிக்கை இனிமே வேண்டாம். ஜன்னலைத் தொற, மோந்து பார்த்துச் சொல்றேன்."

தெரு சும்மா இருக்குமா? சித்திரை பிறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோஸியேஷன் கூட்டம். செக்ரட்டரி எனக்குச் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து தெரிந்தவர். "மாமி, பெர்ஸனலா ஒண்ணுமில்லை. கூட்ஸ் வண்டி தெருவுல நிறுத்தப்படாதுன்னு ரூல் இருக்கு."

"என்னிக்குப் போட்ட ரூல்?"

கொஞ்சம் தயங்கினார். "போன வாரம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ரூலை விடுங்கோ. மீன் நாத்தம் வரது. சுவாமி புறப்பாடு வர தெரு இது!"

நான் எழுந்தேன். "2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கடலோரத்து ஆட்கள் லாரியில வள்ளத்தை ஏத்திண்டு போய் ஊரையே காப்பாத்தினா. அப்ப நம்ம வாட்ஸாப் குரூப்புல அவாளைத் தெய்வம்னு யார் யார் எழுதினேள், தேதியோட எங்கிட்ட இருக்கு. படிக்கட்டுமா?"

முன்வரிசையில் இரண்டு பேர் போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"தெய்வம்னு எழுதலாம். அந்தத் தெய்வத்தோட வண்டி மட்டும் வாசல்ல நிக்கப்படாது. அப்படித்தானே?"

"அதில்லை மாமி" என்றார் செக்ரட்டரி, "கூட்ஸ் வண்டியில பின்னாடி ஆளை ஏத்தினா கேஸாகும். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"தெரியும். அந்தக் கேஸைப் படிச்சுத்தான் சம்பளம் வாங்கினேன். ஜலம் ஏறின அன்னிக்கு எந்தப் போலீஸாவது இந்தத் தெருவுக்குள்ளே வந்து என்னைப் பிடிச்சா, அவரையும் ஏத்திண்டு போறேன்."

மறுநாள் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழிக்காமல் உரித்தெடுத்து, தேதி போட்டு, என் காகிதங்களோடு சேர்த்து வைத்தேன். வண்டியை எடுக்கவில்லை.

இப்போது ஏற்றுகிற பாடு. கரமனைப் பட்டறை ஒன்றில், கால் வழுக்காத புடைப்புத் தகட்டில், நடுவில் கீல் வைத்து மடக்குகிற சாய்தளம் ஒன்று செய்து வாங்கினேன். சரிவு எவ்வளவு இருக்கலாம் என்று அண்ணா கணக்குப் போட்டுக் கொடுத்தான். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் காலை, பளிச்சென்ற வெயிலில், ஒத்திகை பார்த்தோம். பக்கத்துச் சந்தில் நாற்காலிக்காகப் போட்ட நீளச் சரிவு வழியாக அண்ணா தெருவுக்கு வந்து, வண்டியில் சாய்த்த தகட்டில் ஏற ஆரம்பித்தான். பாதியில் கீலுக்கு மேல் சக்கரம் சுழன்றது, ஏறவில்லை, பின்னால் சறுக்கியது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள்.

"தொடாதேங்கோ!" என்று அண்ணா கத்தினான். அவன் கத்தி நான் கேட்டு எத்தனையோ காலம். எல்லாரும் கை நீட்டினபடியே நின்றுவிட்டார்கள். தானே பின்னோக்கி இறங்கினான். முகம் சிவந்திருந்தது.

"கணக்கு தப்பிப்போச்சா?" என்றேன்.

"கணக்கு சரி. கேள்வி தப்பு." வீட்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "நாலு படி எறங்கிட்டு மறுபடி நாலு படி உயரம் எதுக்கு ஏறணும்? இந்த வராந்தாவும் அந்தத் தளமும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தானே? வண்டியைப் பின்னால தள்ளி வராந்தாவுல முட்டிண்டு நிறுத்து."

தெருவின் குறுக்கே, முழுத் தெருவையும் அடைத்துக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தை வாசற்படிக்கு நேராகக் கொண்டுவந்தேன். ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது, பிறகு ஒரு கார். தகட்டை வராந்தாவுக்கும் தளத்துக்கும் நடுவே பாலமாகப் போட்டேன். அண்ணா சந்துச் சரிவில் வீட்டுக்குள் திரும்பிப் போய், ஹாலிலிருந்து கிளம்பி, நிலைப்படி தாண்டி, தகட்டின் மேல் போய், வண்டிக்குள் நின்றான், சமையலறைக்குப் போகிற மாதிரி. சக்கரங்களை நாலு மூலையிலும் பட்டைகளால் கட்டினேன். ஹாரன் அடித்தவர்களைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ, பாடம் நடக்கறது" என்றான்.

மழை ஐப்பசிவரை காத்திருக்கவில்லை. வைகாசிக் கடைசியில், இங்கே இடவப்பாதி என்கிற மழை, இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மத்தியானம் அண்ணா ஜன்னல் பக்கம் மூக்கைக் காட்டி, "ஹார்பரே வந்துடுத்து" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் நான் வெளியே பார்த்தபோது ஓடைத் தண்ணீர் தெருவுக்கு ஏறி முதல் படியை மூடியிருந்தது. எங்கள் தீர்மானம் இரண்டாம் படி. அதற்குமேல் தண்ணீர் வந்தால் இந்த வண்டியாலும் முடியாது. வெள்ளத்தில் நீந்துவதற்காக நான் வண்டி வாங்கவில்லை, வெள்ளம் நிறைவதற்குள் கிளம்புவதற்காக வாங்கினேன். அண்ணாவின் மருந்து, மாற்றுத் துணி, சார்ஜர், குடிதண்ணீர் எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தது.

இரண்டாம் படியின் ஓரம் நனைந்ததும் சாவியைத் திருப்பினேன். எழுந்தது.

பாலம் போட்டேன். தகடு சரியாக உட்கார்ந்ததா என்று காலால் மிதித்துப் பார்த்தேன். "நகரு, நகரு, வழியில நிக்காதே" என்றான். வந்தான். நின்றான். பட்டை கட்டினேன். தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டப்போனபோது, "முகத்தை மூடாதே" என்றான். குடையைக் கொடுத்தேன்.

முதல் கியர், ஒரே சீராக, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனேன். வண்டிக்கு இரண்டு பக்கமும் அலை கிளம்பிப் போய்க் கதவுகளில் அடித்தது. மாடியிலிருந்து செக்ரட்டரி கத்தினார்: "மாமி, மெதுவா! அலை ஆத்துக்குள்ளே வரது!"

"இதைவிட மெதுவாப் போனா நின்னுடும்!" என்று பின்னாலிருந்து அண்ணா பதில் கத்தினான். "நீங்க கதவைச் சாத்திக்கோங்கோ!"

குடைக்கடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர்கோலம் போகிறவன் மாதிரி, இரண்டு பக்கத்து மாடிகளையும் பார்த்துக்கொண்டே போனான். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

பூஜப்புரை ஏறினதும் அக்காவிடமிருந்து போன், ஸ்பீக்கரில் போட்டேன். "நேரா இங்கே வந்துடுங்கோ" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் அறையில ஜலம் புகுந்துடுத்தாம், லிஃப்ட் ஓடலை. ஆனா செக்யூரிட்டி ரெண்டு பேரைக் கூப்பிட்டு அண்ணாவை..." என்றாள்.

"வேண்டாம்" என்று அண்ணா பின்கண்ணாடி வழியாகவே சொன்னான். அவள் காதில் விழுந்திருக்கும்.

அவன் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடம் மேட்டில்தான் இருக்கிறது. முகாம் திறந்திருந்தார்கள். பழைய மாணவர் ஒருவர் இப்போது அங்கே ஆசிரியர், அவர் பிரசங்க மேடைப் பக்கம் வண்டியை விடச் சொன்னார். அந்த மேடையும் சரியான உயரம். அண்ணா அங்கே தானே இறங்கினான், தண்ணீர் வடிகிறவரை அங்கேயே இருந்தோம். அக்கா தினமும் போனில் ஃபிளாட் பேச்சை எடுத்தாள். ஜலம் வடிந்ததும் வீட்டுக்குத்தான் போகிறோம் என்று தினமும் சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் அதுதான் பதில். ஆறு எங்கள் தெருவுக்கு வரலாம். வந்தால் நாங்கள் போவோம். ஆறு போனதும் நாங்கள் வருவோம்.

திரும்பி வந்த அன்று வெயில் அடித்தது. தெருவெங்கும் சேறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெத்தையும் பாயும் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்து போயிருந்தது. வண்டியைப் பின்னால் தள்ளி வராந்தாவில் முட்டிக்கொண்டு நிறுத்தினேன். தகட்டைப் போட்டேன். ஆனால் வராந்தாவிலும் ஹாலிலும் விரல் கனத்துக்குச் சேறு. சக்கரம் வைத்தால் வழுக்கும்.

தெரு சுத்தம் செய்ய வந்த இரண்டு இளைஞர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். "மாஷே, ஒரு கை பிடிக்கட்டே? ஒரு நிமிஷத்தில் உள்ளே வச்சிரலாம்."

"வேண்டாம் மோனே. அவ கழுவட்டும், நான் இருக்கேன். அந்த மண்வெட்டியை மட்டும் கொடுத்துட்டுப் போங்கோ."

நான் வழித்துத் தள்ளி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். வண்டியின் தளத்தில், எல்லாருடைய தலைக்கும் மேலே, அவன் உட்கார்ந்திருந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று நிமிர்ந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். யார் வீட்டில் எதுவரை தண்ணீர் என்று எனக்காக அவனே விசாரித்து வைத்தான். நடுநடுவே, "தூண் ஓரம் இன்னும் இருக்கு, சரியாத் தேய்" என்று எனக்கு உத்தரவு. முதுகு வலித்தது. மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் தரையின் சிவப்புச் சிமெண்ட் தெரிந்தது. பழைய துணியால் துடைத்து, வெறுங்காலால் நடந்து பார்த்து, தள்ளி நின்றேன்.

அண்ணா பொத்தானை அழுத்தினான். தகட்டின் மேல் கடகடவென்று வந்தான், வராந்தா தாண்டி, நிலைப்படி தாண்டி. முகாமில் ஒட்டின சேறு சக்கரத்தோடு வந்து, நான் அத்தனை நேரம் தேய்த்த தரையில் இரண்டு கோடாக விழுந்தது.

"சக்கரத்தைத் துடைச்சுட்டு வரப்படாதா?" என்றேன்.

"நீ துடை" என்றான், உள்ளே போய்க்கொண்டே.